எழுதாத நிபந்தனை

(ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒருபடி அசமன்பாடுகளைக் கொண்டு வாக்கியக் கணக்குகளுக்கு விடை காண்பது பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். நேராகக் கணக்குக்குள் போய்விடுகிறேன்.

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நாடு தழுவிய கல்வி மதிப்பீட்டுத் தேர்வு ஒன்று நடந்தது. அதில் 13 வயதுப் பிள்ளைகளுக்கு வந்த கேள்வி இது. ஓர் இராணுவப் பேருந்தில் 36 வீரர்கள் ஏறலாம். 1128 வீரர்களைப் பயிற்சி இடத்துக்குக் கொண்டுபோக எத்தனை பேருந்துகள் வேண்டும்? ஏறக்குறைய 70 விழுக்காட்டுப் பிள்ளைகள் வகுத்தலைப் பிழையில்லாமல் செய்தார்கள். ஈவு 31, மீதி 12. ஆனால் விடைத்தாளில் எழுதியது என்ன? 29 விழுக்காட்டினர் ‘31, மீதி 12’ என்றே எழுதினார்கள். 18 விழுக்காட்டினர் 31 என்றார்கள். 32 பேருந்துகள் என்று எழுதியவர்கள் 23 விழுக்காடுதான்.

கணிதக் கல்வியில் ஆர்வம் உள்ள எல்லோரும் இந்தப் புள்ளிவிவரத்தின் முன் சற்று நேரம் நிற்க வேண்டும் என்பேன். வகுக்கத் தெரியாதவர்கள் தவறியிருந்தால் இன்னும் கொஞ்சம் பயிற்சி கொடுத்துச் சரிசெய்துவிடலாம். வகுக்கத் தெரிந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் அல்லவா தவறியிருக்கிறார்கள்! 12 என்ற மீதி, மூட்டை முடிச்சோடு வண்டிக்குக் காத்திருக்கும் 12 ஆட்கள் என்பது அவர்கள் கண்ணில் படவில்லை. வாக்கியத்திலிருந்து எண்களை உருவி எடுத்தார்கள், வகுத்தார்கள், எழுதினார்கள். வாக்கியத்துக்குத் திரும்பி வரவே இல்லை.

இதை அசமன்பாடாக எழுதிப் பார்ப்போம். பேருந்துகளின் எண்ணிக்கை ப என்று வைத்துக்கொள்வோம். இருக்கைகள் ஆட்களை விடக் குறையக் கூடாது. ஆகவே 36ப ≥ 1128. இருபுறமும் 36-ஆல் வகுத்தால் ப ≥ 31.33. கணக்கு இங்கே முடிந்துவிட்டதா? இல்லை. ப ஒரு முழு எண்ணாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பாக்கி இருக்கிறது. கேள்வியில் அது எங்கும் எழுதப்படவில்லை. மூன்றில் ஒரு பங்கு பேருந்து எந்தப் பணிமனையிலும் கிடைக்காது என்று அறிந்த மனிதர்தான் அந்த நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால் 32. பள்ளியில் சொல்லித்தரும் முழுமையாக்கும் விதிப்படி 31.33 என்பது 31 ஆகிவிடும். அந்த விதி இங்கே உதவாது.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். நம் ஊர் மின்தூக்கிகளில் கதவை ஒட்டி ஒரு தகடு இருக்கும். 8 பேர், 544 கிலோ என்று எழுதியிருக்கும். ஒருவருக்கு 68 கிலோ என்ற கணக்கு அது. ஓர் ஆள் 25 கிலோ அரிசிச் சிப்பங்களை அதில் ஏற்றி மேலே கொண்டுபோகிறார். அவர் எடை 68 கிலோ என்றால் ஒரே நடையில் எத்தனை சிப்பம் ஏற்றலாம்? 68 + 25ச ≤ 544. அதாவது 25ச ≤ 476, ச ≤ 19.04. விடை 19 சிப்பம். இதுவே 19.96 என்று வந்திருந்தாலும் 19 சிப்பம்தான். பேருந்துக் கணக்கில் மேலே ஏறினோம், இங்கே கீழே இறங்குகிறோம். இரண்டிலும் வேலை ஒரே வகுத்தல். எந்தப் பக்கம் போவது என்பதை வண்டிக்கு வெளியே நிற்கும் ஆளும் மின்தூக்கியின் கம்பியும்தான் முடிவு செய்கின்றன.

நான் சொல்ல வந்தது இதுதான். அசமன்பாட்டுக் கணக்கில் கடினமான பகுதி அசமன்பாட்டைத் தீர்ப்பது அல்லவே அல்ல. கூட்டவும் கழிக்கவும் தெரிந்த பிள்ளை அதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும். வாக்கியம் சொல்லும் நிபந்தனைகளை எழுதிய பிறகு, அது சொல்லாமல் விட்ட நிபந்தனைகளையும் கண்டுபிடித்து எழுதுவதில்தான் கடினம் இருக்கிறது. அதைத்தான் நாம் கற்றுக்கொடுக்கத் தவறுகிறோம்.

பெற்றோர் இருக்கிறீர்கள் என்பதால் வீட்டுக் கணக்கு ஒன்று. திருமணத்துக்குச் சமையல் பேசுகிறீர்கள். ஒருவர் இலைக்கு 250 ரூபாய் என்கிறார். இன்னொருவர் சமையல் கூலி மொத்தமாக 30,000, பொருள் செலவு இலைக்கு 190 என்கிறார். யாரிடம் கொடுக்கலாம்? இலைகளின் எண்ணிக்கை இ என்றால், இரண்டாமவர் மலிவாக இருக்க 30000 + 190இ < 250இ. இருபுறமும் 190இ-ஐக் கழித்தால் 30000 < 60இ. ஆகவே இ > 500.

சமன்பாடு போட்டிருந்தால் 500 இலையில் இருவருக்கும் ஆகும் செலவு சமம் என்ற ஒற்றை விடை வந்திருக்கும். சரியாக 500 பேர் வந்து சாப்பிடும் திருமணத்தை யார் பார்த்திருக்கிறார்கள்? அழைப்பிதழ் கொடுத்தவர்களில் எத்தனை பேர் வருவார்கள், எத்தனை குடும்பம் ஆளனுப்பிவிட்டு நிற்கும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அசமன்பாட்டின் அருமை இங்கேதான். உங்களுக்கு இ தெரிய வேண்டியதில்லை. 500-க்கு மேல் போகுமா, போகாதா என்பது மட்டும் தெரிந்தால் போதும். 600 என்றால் இரண்டாமவருக்கு 1,44,000, முதலாமவருக்கு 1,50,000. 400 என்றால் இரண்டாமவருக்கு 1,06,000, முதலாமவருக்கு 1,00,000. எண் கைக்கு வராத நிலையிலும் முடிவெடுக்க உதவும் கணிதம் இது. வாழ்க்கையில் பெரும்பாலான முடிவுகளை அப்படித்தானே எடுக்கிறோம்.

இதே கணக்கில் பிள்ளைகள் இடறும் இரண்டு இடங்களைக் காட்டுகிறேன். சிலர் மாறிகளை எல்லாம் இடப்பக்கம் கொண்டுவந்து −60இ < −30000 என்று நிறுத்துவார்கள். பிறகு −60-ஆல் வகுத்து இ < 500 என்று எழுதுவார்கள். குறி திரும்ப வேண்டும் என்பதை மனப்பாடம் செய்திருப்பார்கள், அவசரத்தில் மறந்துவிடுவார்கள். ஏன் திரும்புகிறது என்று கேட்டுவிட்டால் மறக்காது. கையில் 5 ரூபாய் உள்ளவர் 2 ரூபாய் உள்ளவரை விட வசதியானவர். இருவரிடமும் உள்ளது அத்தனையும் கடனாகிவிட்டால்? 5 ரூபாய் கடன்காரர்தான் கீழே. எதிர் எண்ணால் பெருக்குவதும் வகுப்பதும் இருப்பைக் கடனாக்கும் வேலை, வரிசை தலைகீழாகிவிடும். வகுத்த பிறகு 600 என்ற எண்ணைத் தொடக்க வாக்கியத்தில் போட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இ < 500 என்ற விடை அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது இடறல், ‘குறைந்தது’ என்ற சொல்லில். சமையல்காரர் ‘குறைந்தது 300 இலைக்குக் கணக்கு’ என்கிறார். சொல்லுக்குள் ‘குறை’ இருப்பதால் பிள்ளை கை தானாகச் சிறிய குறியைப் போடும். இ ≥ 300 என்பதுதான் அதற்குப் பொருள். அதிகபட்சம் என்பதற்கும் இதே கதி. சொல்லைப் பார்த்துக் குறி போடாதே, 300-க்கு ஒன்று குறைந்தால் அவர் ஒப்புக்கொள்வாரா, ஒன்று கூடினால் ஒப்புக்கொள்வாரா என்று கேட்டுப் பார்த்துப் போடு என்று சொல்லிப் பழக்குங்கள்.

இந்தக் குறிகளே கணிதத்துக்குத் தாமதமாக வந்தவை. ராபர்ட் ரெக்கார்ட் சமக்குறியை அச்சிட்டது 1557-இல். பெரிது, சிறிது என்பதற்கான குறிகள் தாமஸ் ஹாரியட்டின் நூலில் 1631-இல்தான் அச்சேறின, அதுவும் அவர் மறைந்து பத்து ஆண்டுகள் கழித்து. ‘பெரிது அல்லது சமம்’ என்பதற்கான குறியைப் பிரான்சின் பியர் பூகே 1734-இல் பயன்படுத்தினார்.

கல்லூரிப் பிள்ளைகளிடம் இதைப் பேசும்போது நான் எடுக்கும் கணக்கு வருகைப் பதிவு. பல கல்லூரிகளில் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். ஒரு மாணவி இதுவரை நடந்த 60 வகுப்புகளில் 40-க்கு வந்திருக்கிறாள். இன்னும் எத்தனை வகுப்புக்கு வர வேண்டும்? விடாமல் வரும் வகுப்புகள் வ என்று வைத்துப் பெரும்பாலோர் இப்படி எழுதுவார்கள்: (40 + வ) ÷ (60 + வ) ≥ 3/4. பகுதியில் உள்ள 60 + வ நேர்மறை, ஆகவே குறியைத் திருப்பாமல் பெருக்கலாம். 160 + 4வ ≥ 180 + 3வ. வ ≥ 20. மாணவிக்கு ஒரே மகிழ்ச்சி. 20 வகுப்பு போதும்!

பருவம் முழுவதற்கும் 90 வகுப்புகள் என்று வையுங்கள். 20 வகுப்பு விடாமல் வந்தால் 80-க்கு 60, அன்றைய தேதியில் சரியாக 75 விழுக்காடு. தேர்வு அன்றைக்கா வருகிறது? 90-ஆவது வகுப்புக்குப் பிறகு வருகிறது. அப்போது 90-இல் முக்கால் பங்கான 67.5-க்குக் குறையாமல் வேண்டும். 40 + வ ≥ 67.5, வ ≥ 27.5, அதாவது 28 வகுப்புகள். இருப்பதோ 30 வகுப்பு. ஆகவே 28 ≤ வ ≤ 30. மீதமுள்ள பருவம் முழுவதற்கும் அவளுக்கு இரண்டு விடுப்புதான். முதல் அசமன்பாட்டில் ஒரு பிழையும் இல்லை. அது வேறொரு கேள்விக்கு விடை சொன்னது, அவ்வளவுதான். எந்த நாளில் கணக்கெடுப்பார்கள் என்பது வாக்கியத்தில் இல்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது கணக்கின் பகுதியா என்றால், முதல் பகுதியே அதுதான் என்பேன்.

இதே மாணவி 72 வகுப்பு நடக்கும் வரை 40-க்கே வந்திருந்தால்? மீதி 18. வ ≥ 27.5, வ ≤ 18. இரண்டையும் நிறைவு செய்யும் எண்ணே கிடையாது. விடை வரவில்லை என்று பிள்ளைகள் அடித்துவிட்டு மறுபடி போடுவார்கள். தீர்வு இல்லை என்பது முழுமையான விடை. அந்த மாணவிக்கு அதைவிட அவசரமாகத் தெரிய வேண்டிய செய்தி வேறு எது?

இதுவரை பார்த்தவை ஒரு மாறிக் கணக்குகள். மாறிகளும் நிபந்தனைகளும் பெருகினால் என்ன ஆகும் என்பதற்கு, உலகின் மிகப் புகழ்பெற்ற வாக்கியக் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், பின்னாளில் 1982-இல் நோபல் பரிசு பெற்றவர், 1945-இல் அதை எழுதினார். மிதமாக உழைக்கும், 154 பவுண்டு எடையுள்ள ஓர் ஆண். நம் கணக்கில் சுமார் 70 கிலோ. அவருக்கு ஓர் ஆண்டுக்கு வேண்டிய சத்து முழுவதும் கிடைக்க வேண்டும். ஆகக் குறைந்த செலவு எவ்வளவு?

ஸ்டிக்லர் 77 உணவுப் பொருள்களைப் பட்டியலிட்டார். கலோரி, புரதம், கால்சியம், இரும்பு, சில உயிர்ச்சத்துகள் என 9 தேவைகள். நாளொன்றுக்கு 3000 கலோரி, 70 கிராம் புரதம், 12 மில்லிகிராம் இரும்பு, இப்படி. ஒவ்வொரு தேவையும் ஓர் அசமன்பாடு: 77 பொருள்களிலிருந்தும் கிடைக்கும் இரும்பின் கூடுதல், தேவையான இரும்புக்குக் குறையக் கூடாது. 77 மாறிகள், 9 அசமன்பாடுகள். எந்த மாறியும் எதிர் எண்ணாகக் கூடாது என்ற எழுதாத நிபந்தனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாரும் −5 கிலோ முட்டைக்கோஸ் சாப்பிட முடியாது. ஆனால் கணிதத்துக்கு அது தெரியாது, நாம் சொன்னால்தான் தெரியும்.

இதைத் தீர்க்கும் முறை அப்போது அமெரிக்காவில் யாரிடமும் இல்லை. ஸ்டிக்லர் தேறாத பொருள்களைக் கழித்துக் கழித்து, எஞ்சியவற்றை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து ஒரு பட்டியலுக்கு வந்தார். ஆண்டுக்கு கோதுமை மாவு 370 பவுண்டு, வற்றக் காய்ச்சிய பால் 57 டப்பா, முட்டைக்கோஸ் 111 பவுண்டு, பசலைக் கீரை 23 பவுண்டு, உலர்ந்த வெள்ளை பீன்ஸ் 285 பவுண்டு. 1939-ஆம் ஆண்டு விலையில் 39 டாலர் 93 சென்ட்.

1947-இல் ஜார்ஜ் டான்ட்ஸிக் என்ற கணிதவியலாளர் இத்தகைய கணக்குகளைத் தீர்க்கும் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டார். முறை வேலை செய்கிறதா என்று சோதிக்க, அரசின் கணித அட்டவணைத் திட்டத்தில் இருந்த ஜாக் லேடர்மன் ஸ்டிக்லரின் கணக்கை எடுத்துக்கொண்டார். கையால் இயக்கும் மேசைக் கணிப்பிகளோடு 9 எழுத்தர்கள் உட்கார்ந்தார்கள். மொத்தம் 120 ஆள்நாள் வேலை. விடை 39 டாலர் 69 சென்ட். ஸ்டிக்லரின் பட்டியல் ஆண்டு முழுவதற்கும் 24 சென்ட்தான் கூடுதல்! தேர்ந்த மனிதரின் கண்மதிப்பு எவ்வளவு தூரம் வரும் என்பதற்கும், கடைசி 24 சென்ட்டை எட்ட முறைப்பட்ட கணிதம் தேவைப்பட்டது என்பதற்கும் இது ஒன்றே சான்று.

சோவியத் நாட்டில் லியோனிட் கான்டோரோவிச் 1939-லேயே, ஒட்டுப்பலகை ஆலைகளின் கணக்கிலிருந்து தொடங்கி, இதே வழியில் வெகுதூரம் போயிருந்தார். அதற்கு உரிய நோபல் பரிசு 1975-இல் வந்தது.

மீண்டும் உணவுக் கணக்குக்கு வருவோம். அந்தப் பட்டியலை யாருக்கும் பரிந்துரைக்கவில்லை என்று ஸ்டிக்லர் தம் கட்டுரையிலேயே எச்சரித்திருந்தார். சுவை, வழக்கம், மறுநாளும் அதையே தின்ன முடியுமா என்ற கேள்வி எதுவும் அந்த ஒன்பது வரிகளில் இல்லை. அந்த எச்சரிக்கையின் முழு அர்த்தம் டான்ட்ஸிக்கின் சொந்த வாழ்வில் வெளிப்பட்டது. 1950-களின் தொடக்கத்தில் எடையைக் குறைக்கும்படி மருத்துவர் அவரிடம் சொன்னார். டான்ட்ஸிக் தம் உணவைத் தம் முறையைக் கொண்டே தீர்மானிக்க நினைத்தார். நாளுக்கு 1500 கலோரிக்கு மேல் போகக் கூடாது, சத்துத் தேவைகள் நிறைவேற வேண்டும், வயிறு நிறைந்த உணர்வும் வேண்டும். வயிறு நிறைவதை எப்படி அளப்பது? நீரைக் கழித்துவிட்டு உணவின் எடை எவ்வளவோ அவ்வளவு நிறைவு என்று வைத்துக்கொண்டார். கணினி விடை கொடுத்தது: நாளொன்றுக்கு 500 காலன் வினிகர்.

அவருடைய பட்டியலில் வினிகரின் நீர்ச்சத்து சுழி என்று பதிவாகியிருந்தது. கலோரியும் கிடையாது. கணினியின் கண்ணுக்கு அதைப் போல வயிற்றை நிறைக்கும் பொருள் வேறில்லை. வினிகரை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினார். இப்போது நாளுக்கு 200 சூப்புக் கட்டிகள் என்று வந்தது. மறுநாள் காலை சிலவற்றை வெந்நீரில் போட்டு வாயில் வைத்தவர், உப்புக் கரிப்பு தாங்காமல் துப்பிவிட்டார்.  உப்பு எவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று சத்துப் பட்டியலில் யாரும் எழுதி வைக்கவில்லை. சூப்புக் கட்டி மூன்றுக்கு மிகாமல் என்று ஒரு வரியைச் சேர்த்தார். அடுத்து நாளுக்கு இரண்டு பவுண்டு தவிடு வந்தது. அதற்கும் ஓர் உச்சவரம்பு. அதன்பின் இரண்டு பவுண்டு கரும்புச் சர்க்கரைப் பாகு. கடைசியில் அவர் மனைவி பட்டியலைத் தம் கையில் எடுத்துக்கொண்டார், டான்ட்ஸிக்கின் எடையும் குறைந்தது.

இத்தகைய கணக்குகளைத் தீர்க்கும் துறையை உருவாக்கியவர்களில் ஒருவர் அவர். கணினி ஒருமுறை கூடத் தப்பாகக் கணக்கிடவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் எழுதிய கேள்விக்குச் சரியான விடையைத்தான் கொடுத்தது. சத்துகளுக்கு ‘இவ்வளவுக்குக் குறையாமல்’ என்பதை எழுதியவருக்கு, ஒவ்வொரு பொருளுக்கும் ‘இவ்வளவுக்கு மிகாமல்’ என்பதை எழுதத் தோன்றவில்லை. மனிதர்களுக்கு இடையே அதைச் சொல்ல வேண்டிய தேவை இருப்பதில்லை. 500 காலன் வினிகரை யாரும் குடிக்க மாட்டார்கள் என்பது யாருக்குத்தான் தெரியாது? தெரிந்ததனாலேயே விட்டுப்போகிறது. இன்று சரக்கு வண்டிகளின் பாதையையும் மின் உற்பத்தியின் பங்கீட்டையும் இதே அசமன்பாடுகள்தான் தீர்மானிக்கின்றன. நாளை அவற்றை எழுதப் போகிறவர்கள் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அசமன்பாட்டைக் கொடுத்துத் தீர்க்கச் சொல்லும் கணக்கு பத்து கொடுத்தால், வாக்கியத்தைக் கொடுத்து நிபந்தனைகளை மட்டும் எழுதச் சொல்லும் கணக்கு குறைந்தது இரண்டு கொடுங்கள். தீர்க்கவே வேண்டாம். அந்த வரிகளுக்கு மதிப்பெண் போடுங்கள். முழு எண்ணா, சுழிக்குக் கீழே போகலாமா, உச்சவரம்பு உண்டா என்ற மூன்று கேள்விகளையும் பிள்ளை தன் கையால் எழுதட்டும்.

தலைகீழான பயிற்சி ஒன்றும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கரும்பலகையில் 40ம + 300 ≤ 2000 என்று மட்டும் எழுதிவிட்டு, இதற்குப் பொருந்தும் கதையைப் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். தீர்த்தால் ம ≤ 42.5 என்று வரும். ஒரு பிள்ளை, கையில் 2000 ரூபாயோடு கடைக்குப் போய், ஆட்டோவுக்கு 300 எடுத்து வைத்துவிட்டு, மீட்டர் 40 ரூபாய்க்கு லைனிங் துணி வாங்குவதாக எழுதுவாள். அவள் விடை 42½ மீட்டர் வரை. பக்கத்தில் இருப்பவன் அதே ஆட்டோவில் போய் 40 ரூபாய் நோட்டுப் புத்தகம் வாங்குவான். அவனுக்கு 42, மீதி 20 ரூபாய். யார் விடை சரி என்று இரண்டு பேரும் வாதாடட்டும். அந்த வாதத்துக்கு ஒரு பாடவேளை முழுவதையும் விட்டுக்கொடுங்கள்.